ஹுவாலியெனின் ஜப்பானியக் குடியேற்றக் கிராமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவானின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியெனுக்கு வரும் தமிழ் நண்பர்களைப் பழைய கோயில்களுக்கும் புகையிலைக் கூடங்களுக்கும் அழைத்துச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜப்பான்காரர்கள் தைவானில் வந்து விவசாயக் கிராமம் அமைத்தார்களாமே, அது எப்போது?

சீனாவுடனான போரில் வென்ற ஜப்பான், 1895-இல் ஷிமோனோசெகி உடன்படிக்கையின்படி தைவானைப் பெற்று, 1945 வரை ஐம்பது ஆண்டுகள் ஆண்டது. அந்தக் காலத்தில் தைவானுக்கு வந்த ஜப்பானியரில் பெரும்பாலோர் அதிகாரிகள், காவலர்கள், ஆசிரியர்கள், வணிகர்கள். அவர்கள் நகரங்களில்தான் வாழ்ந்தனர். ஏர் பிடிக்கும் ஜப்பானியக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டும் என்று காலனி அரசு முடிவெடுத்து, 1909-இல் அதற்கான ஏற்பாடுகளைத் தொடங்கியது. 1910-இன் தொடக்கத்தில் ஷிகோகு தீவின் தோகுஷிமா மாவட்டத்திலிருந்து முதலில் 9 குடும்பங்கள் ஹுவாலியெனுக்கு வந்து சேர்ந்தன.

அதற்கு முன்பே தனியார் முயற்சி ஒன்று நடந்திருந்தது. கதா கின்சபுரோ என்ற தொழிலதிபர் 1899-இல் கிழக்குத் தைவானில் பெரும் நிலப்பரப்பை அரசிடம் பெற்று, பின்னர் ஜப்பானிய உழவர்களையும் வரவழைத்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. தனியாரால் ஆகாததை அரசு செய்து காட்டும் என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது.

சாதாரண ஊருக்கும் 'குடியேற்றக் கிராமத்துக்கும்' என்ன வித்தியாசம்?

நம் ஊர்கள் பெரும்பாலும் ஒரு குளத்தையோ வாய்க்காலையோ ஒட்டி, நாலைந்து வீடுகளாகத் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக விரிந்தவை. இவையோ ஆள் வருவதற்கு முன்பே வரைபடத்தில் முழுமையாக இருந்தவை. நேர்கோட்டுச் சாலைகள், அளந்து பிரித்த மனைகள், பாசன வாய்க்கால், பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், குடியேறிகளுக்கு வழிகாட்டும் அலுவலகம், ஊருக்கொரு ஷிண்டோ (ஜப்பானின் மரபு மதம்) ஆலயம் என எல்லாம் திட்டமிட்டபடி வந்தன. ஆட்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே: உழவுத் தொழில் தெரிந்தவராக, குடும்பத்தோடு வந்து நிலையாகத் தங்குபவராக, ஓரளவு கைப்பணம் உள்ளவராக இருக்க வேண்டும். தனியாளாக வந்து பொருள் சேர்த்துக்கொண்டு திரும்புபவர்களை அரசு விரும்பவில்லை.

எத்தனை ஊர்கள் இருந்தன? எல்லாம் ஹுவாலியெனில் மட்டுமா?

முதல் கட்டத்தில் அரசு அமைத்தவை மூன்று. இன்றைய ஜீஆன் பகுதியில் 1910-இல் தொடங்கி 1911-இல் பெயர் பெற்ற யோஷினோ, ஷோஃபெங் பகுதியில் 1913-இல் அமைந்த தோயோத்தா, ஃபெங்லின் பகுதியில் 1914-இல் அமைந்த ஹயாஷிதா ஆகிய மூன்றும் ஹுவாலியென் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து தெற்காக அமைந்தவை. மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 600 குடும்பங்கள் குடியேறின. 1917-இல் அரசு புதிதாக ஆள் கொண்டுவருவதை நிறுத்தியது.

தெற்கே தைதுங் பகுதியில் சர்க்கரை ஆலை நிறுவனம் தன் கரும்புக்காக அமைத்த ஷிகானோ போன்ற தனியார் கிராமங்கள் தனி. 1930-களில் மேற்குத் தைவானிலும் அரசுக் கிராமங்கள் எழுந்தன. அவற்றைப் பற்றிப் பின்னால் வரும்.

தோயோத்தா என்றால் கார் கம்பெனி வைத்த ஊரா?

இல்லை. கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டுவிட்டதால் தனியாகவே எழுதுகிறேன். தோயோத்தா என்றால் 'வளமான வயல்'. அதே எழுத்துகளைச் சீன மொழியில் படித்தால் ஃபெங்தியான். அந்த ஊர் இன்று அந்தப் பெயரில்தான் வழங்குகிறது. யோஷினோ என்பது தோகுஷிமாவில் ஓடும் ஆற்றின் பெயர். விட்டுவந்த ஆற்றின் பெயரையே புதிய ஊருக்கு வைத்தார்கள்.

அரசாங்கத்துக்கு இதில் என்ன லாபம்? வரி வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே?

காரணங்கள் பல இருந்தன. அவற்றுள் சில மட்டுமே பொருளாதாரக் காரணங்கள். ஜப்பானில் மக்கள் தொகை பெருகி நிலம் போதவில்லை என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. வெப்ப நாட்டில் ஜப்பானிய உடல் உழைத்துத் தாக்குப்பிடிக்குமா என்று சோதித்துப் பார்ப்பது இன்னொன்று. ஆனால் அடிப்படையான காரணம் என்று நான் கருதுவது ஆதிக்கம் பற்றியது. அதிகாரிகள் மட்டுமே ஜப்பானியராக இருக்கும் காலனி என்றாவது கைநழுவும், மண்ணில் வேரூன்றிய ஜப்பானியக் குடிகள் இருந்தால்தான் அது ஜப்பானாகவே மாறும் என்று திட்டமிட்டவர்கள் நம்பினார்கள்.

இந்தக் கருத்தை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் தோகோ மினோரு. சப்போரோ வேளாண் கல்லூரியில் படித்துத் தைவான் அரசில் பணிபுரிந்த இவர், ஜெர்மனிக்குச் சென்று, போலந்து மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பிரஷ்ய அரசு ஜெர்மானிய உழவர்களைக் குடியமர்த்திய முறையை ஆராய்ந்தவர். ஜப்பானுக்குச் சொந்த அனுபவமும் இருந்தது: ஐனு மக்களின் நிலமான ஹொக்கைடோவில் 1870-களிலிருந்தே உழவு வீரர்களைக் குடியேற்றியிருந்தது. ஹான் சீனர்கள் மேற்குச் சமவெளியில் நெருக்கமாக வாழ்ந்ததால், மக்கள் குறைவாகத் தென்பட்ட கிழக்குக் கரை தேர்ந்தெடுக்கப்பட்டது.

சொந்த ஊரை விட்டு அவர்கள் ஏன் வந்தார்கள்? கட்டாயப்படுத்தினார்களா?

கட்டாயம் இல்லை, விளம்பரம் செய்து, விண்ணப்பம் பெற்று, ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஊரில் பிழைப்பு நன்றாக இருந்தவர் யாரும் கடல் கடந்து வரவில்லை. தோகுஷிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். யோஷினோ ஆற்றின் வெள்ளம் வண்டல் சேர்த்த கரைகளில் அவுரி பயிரிட்டு, நீலச் சாயம் செய்து செழித்த பகுதி அது. மலிவான இந்திய அவுரிச் சாயம் முதலில் அதன் சந்தையைக் குறைத்தது. பிறகு ஜெர்மனியின் செயற்கை நீலம் அதை அடியோடு சாய்த்தது. அதே செயற்கைச் சாயம்தான் இந்திய அவுரியையும் அழித்தது என்பதை நினைத்தால், வங்காளத்து உழவனும் தோகுஷிமா உழவனும் ஒரே அடியை வாங்கியவர்கள் என்று தெரியும்.

அந்த நிலையில், அரசே வீடும் நிலமும் காட்டுகிறது என்றதும் சிலர் கிளம்பினார்கள். அப்போது ஹுவாலியெனில் துறைமுகம் கிடையாது. முறையான துறைமுகம் 1939-இல்தான் திறக்கப்பட்டது. கப்பல் கடலில் நிற்க, பெண்களும் குழந்தைகளும் சிறு படகுகளில் இறங்கி, அலைகளைக் கடந்து கரை சேர்ந்தார்கள்.

நிலம், வீடு எல்லாம் இலவசமா?

பயணச் சலுகை, மருத்துவ உதவி, பாசனம், சாலை ஆகியவற்றுக்கு அரசு செலவழித்தது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய விலையைக் குடியேறிகள் தவணைகளில் கட்ட வேண்டியிருந்தது. கட்டி முடித்து, நிபந்தனைகளையும் நிறைவேற்றினால்தான் நிலம் சொந்தமாகும். ஆகவே முதல் பல ஆண்டுகள் அவர்கள் நிலவுடைமையாளர்கள் என்பதைவிட, அரசுக்குக் கடன்பட்ட உழவர்கள் என்று சொல்வதே பொருந்தும்.

அந்த நிலமெல்லாம் அதுவரை சும்மா கிடந்ததா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். நிலம் சும்மா கிடக்கவில்லை; சும்மா கிடப்பதாகச் சட்டம் சொல்லியது. 1895-இலேயே, உரிமைப் பத்திரம் அல்லது வேறு சான்று இல்லாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்று காலனி அரசு விதி வகுத்துவிட்டது. பழங்குடி மக்களின் வேட்டைக் காட்டுக்கும், சில ஆண்டுகள் பயிரிட்டுப் பின் ஆறப்போடும் தினைப் புனத்துக்கும் பத்திரம் எங்கிருந்து வரும்?

யோஷினோ எழுந்த இடம் அமிஸ் இனத்தவரின் சிகாசுவான் என்ற பெரிய ஊருக்கு உரியது. விறகு நிறைந்த இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். மலைவாழ் மக்களைத் தடுக்க ஜப்பானியர் அமைத்த காவல் எல்லையில் இவ்வூர் இளைஞர்கள் கூலிக் காவலர்களாக இருந்தனர். கூலி தொடர்பாகவும், காவலிடத்தை மாற்றியது தொடர்பாகவும் எழுந்த மனக்குறை 1908 டிசம்பரில் கிளர்ச்சியாக வெடித்தது. படையும் காவல்துறையும் அதை அடக்கின. மலைக்குள் தப்பிய மக்கள் பசியாலும் தாக்குதலாலும் தளர்ந்து சரணடைந்த பிறகு, அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. பல இடங்களில் பிரித்துக் குடியமர்த்தப்பட்டனர். நிலம் பறிமுதலானது. ஓராண்டுக்குச் சற்று மேல் கடந்ததும் அதே மண்ணில் தோகுஷிமாக் குடும்பங்கள் வந்து இறங்கின.

வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் காட்டப்பட்டது புல் மண்டிய வெட்டவெளி. புல் மண்ட எத்தனை மாதம் ஆகும் என்பது எந்த உழவனுக்கும் தெரியும் என்பதே என் பதில்.

வந்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்களா?

முதல் பத்தாண்டுகள் கொடுமையானவை. மலேரியாவும், புல்வெளிகளில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகள் கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சலும் பலரைக் கொன்றன. 1912-இன் புயல்கள் புதிதாகக் கட்டிய வீடுகளைச் சாய்த்தன. காட்டுப்பன்றிகள் வள்ளிக்கிழங்குத் தோட்டங்களைத் தோண்டின. நிலத்தில் கல் அதிகம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் பரப்பிய கூழாங்கல்லைப் பொறுக்கி வரப்போரம் குவித்த பிறகே உழ முடிந்தது. அருகிலேயே போரும் இருந்தது. ஆளுநர் சகுமா சமாதா 1914-இல் மலைவாழ் பழங்குடியினரான த்ருகு மக்கள்மீது நடத்திய படையெடுப்பு இந்தக் கிராமங்களுக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைகளில்தான் நிகழ்ந்தது.

பலர் இறந்தார்கள், பலர் ஊர் திரும்பினார்கள். தங்கியவர்களுக்கு ஆறுதலாக இருந்தவற்றில் ஒன்றை இன்றும் காணலாம். யோஷினோவில் 1917-இல் கவபதா மன்ஜி என்பவர் ஷிங்கோன் பௌத்தப் பிரிவின் வழிபாட்டிடம் ஒன்றை அமைத்தார். ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களுக்கு நடந்து செல்வது அந்தப் பகுதி மக்களின் பெரும் யாத்திரை. ஊர் திரும்ப வழியில்லாதவர்களுக்காக அந்த 88 கோயில்களுக்கும் ஈடாக 88 கற்சிலைகளை அங்கே வைத்தார்கள். அறுபடை வீட்டையும் ஒரே கோயிலில் தரிசிக்க வழி செய்யும் நம் ஊர்களை எண்ணிப் பார்த்தால், அந்த ஏக்கத்தைப் புரிந்துகொள்ளக் கடினமில்லை.

என்ன பயிர் செய்தார்கள்?

நெல், கரும்பு, புகையிலை, காய்கறி. யோஷினோ பாசன வாய்க்கால் வந்தபின் நெல் விளைந்தது. யோஷினோ அரிசி பேரரசருக்கு அனுப்பப்பட்ட பெருமை இன்றும் ஜீஆன் அரிசி விற்பவர்களின் பேச்சில் இருக்கிறது. தோயோத்தாவிலும் ஹயாஷிதாவிலும் கரும்பு முதன்மையானது. அதை வாங்கியது சர்க்கரை ஆலை, விலையைத் தீர்மானித்ததும் அதுவே.

உழவர்களைக் காப்பாற்றிய பயிர் புகையிலை என்று சொல்ல வேண்டும். தைவானில் புகையிலை அரசின் ஏகபோகம். 1913-இல் இப்பகுதியில் தொடங்கிய மஞ்சள் இலைப் புகையிலைச் சாகுபடிக்கு வாங்குபவர் உறுதி, விலையும் உறுதி. இலைகளைப் பதப்படுத்தக் கட்டிய உயரமான கூடங்கள்தான் ஃபெங்லினில் இன்று நீங்கள் காண்பவை. கூரையின் உச்சியில் காற்றுப் போக்கி அமைந்த விதத்தை வைத்து ஒசாகா பாணி, ஹிரோஷிமா பாணி என்று பிரிப்பார்கள்.

ஜப்பானியர்தான் எல்லா வேலையும் செய்தார்களா?

திட்டம் அப்படித்தான் எழுதப்பட்டது. நடைமுறை வேறாக இருந்தது. காடு வெட்டவும் வாய்க்கால் தோண்டவும் ரயில் பாதை போடவும் அமிஸ் மக்கள் வரவழைக்கப்பட்டனர். மேற்குத் தைவானிலிருந்து வந்த ஹக்கா மக்கள் (ஹான் சீனரில் ஒரு பிரிவினர்) கூலிகளாகவும் குத்தகையாளர்களாகவும் அருகில் குடியேறினர். நடவுக்கும் அறுவடைக்கும் புகையிலை பறிப்புக்கும் இவர்கள் இல்லாமல் முடியாது. இருந்தும் பள்ளிக்கூடங்கள் தனித்தனி: ஜப்பானியக் குழந்தைகளுக்கு ஒன்று, தைவானியருக்கு ஒன்று, பழங்குடியினருக்கு வேறொன்று.

1917-இல் அரசே நிறுத்திவிட்டது என்றால், பிறகு 1930-களில் ஏன் மறுபடியும் தொடங்கினார்கள்?

1917-இல் நிறுத்தப்பட்டது புதிதாக ஆள் கொண்டுவருவது மட்டுமே. ஏற்கெனவே இருந்த மூன்று ஊர்களும் உள்ளூர் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டுத் தொடர்ந்தன. செலவு மிகுதி, நோய், புயல், தொலைவு ஆகியவற்றைப் பார்த்து அரசு கைவிட்டது. வடக்குத் தெற்காகப் பள்ளத்தாக்கை இணைத்த ரயில் பாதை முழுமையடைந்ததே 1926-இல்தான்.

1930-களில் சூழ்நிலை மாறியது. மேற்குத் தைவானின் பெரிய ஆறுகளுக்குக் கரை கட்டியதால் படுகையில் புதிய நிலம் கிடைத்தது. 1932-இல் தைச்சுங் பகுதியில் அகித்சு, 1935-இல் பிங்துங் பகுதியில் ஹினோதே, 1937-இல் தைதுங்கில் ஷிகிஷிமா என ஊர்கள் எழுந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் ஜப்பானிய நாட்டுப்புறம் நொறுங்கியிருந்தது. போர்ச் சூழலில், தெற்கு நோக்கிய விரிவுக்குத் தைவானே படிக்கட்டு என்ற எண்ணமும் வலுத்தது.

மஞ்சூரியாவிலும் கொரியாவிலும் நடந்ததும் இதுவும் ஒன்றுதானா?

ஒரே குடும்பம், ஆனால் அளவு வேறு, முடிவு வேறு. கொரியாவில் 1908-இல் நிறுவப்பட்ட கீழைத்தேய வளர்ச்சி நிறுவனம் பெருந்தொகையான ஜப்பானிய உழவர்களைக் கொண்டுவரத் திட்டமிட்டது. வந்தவை சில ஆயிரம் குடும்பங்களே. கொரியக் குத்தகையாளர்களிடம் வாரம் வாங்கும் மிகப்பெரிய நிலக்கிழாராகவே அந்த நிறுவனம் முடிந்தது.

மஞ்சூரியாவில் 1932 முதல் ஆயுதம் ஏந்திய குடியேறிகள் அனுப்பப்பட்டனர். 1936-இல் 20 ஆண்டுகளில் 10 லட்சம் குடும்பங்கள் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. உண்மையில் சென்றவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். சீன, கொரிய உழவர்கள் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த நிலம் அடிமாட்டு விலைக்கு வாங்கப்பட்டு அவர்களுக்குத் தரப்பட்டது. 1945 ஆகஸ்டில் சோவியத் படை நுழைந்தபோது ராணுவம் அவர்களைக் கைவிட்டுப் பின்வாங்கியது. சுமார் 80,000 பேர் மாண்டனர். யோஷினோ மக்கள் உயிரோடும் முறையாகவும் கப்பலேறினார்கள் என்பது இந்த ஒப்பீட்டில்தான் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது.

மலேசியாவில் பகாவ் என்ற இடத்திலும் ஜப்பான்காரன் தோட்டம் போட வைத்தான் என்று தாத்தா சொல்வார். அதுவும் இதுவா?

பினாங்கிலிருந்து வந்த ஒரு நண்பர் கேட்டது. அது வேறு. அங்கே குடியேற்றப்பட்டவர்கள் ஜப்பானியர் அல்லர். 1943-இன் இறுதியில், சிங்கப்பூரில் உணவு போதாமையால், யுரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் நெகிரி செம்பிலானின் பகாவ் காட்டுக்கு அனுப்பப்பட்டனர். சீனர்களுக்காக ஜொகூரில் எண்டாவு அமைக்கப்பட்டது. உழவு அறியாத நகர மக்களைக் காட்டில் விட்டதால் பகாவில் மலேரியா பலரைக் கொன்றது. வரைபடத்தில் முதலில் ஊரை வரைந்துவிட்டு, மண்ணையும் கொசுவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு மட்டும் இரண்டுக்கும் பொது.

1945-க்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

தைவானிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியப் பொதுமக்கள் ஊர் அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் 1946-இன் முற்பகுதியில் போனார்கள். தலைக்கு 1,000 யென் பணமும் சுமக்க முடிந்த மூட்டையும் மட்டுமே அனுமதி. 35 ஆண்டுகள் கல் பொறுக்கிய வயலையும் வீட்டையும் ஜப்பானுக்குப் பின் தைவானை ஆண்ட சீனக் குடியரசு அரசு (இன்றைய தைவான் அரசு) எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே குத்தகைக்கு உழுதவர்களும், புதிதாக வந்த ஹக்கா குடும்பங்களும், ஹான் சீனரில் இன்னொரு பிரிவான மின்னான் குடும்பங்களும் அந்த வயல்களில் இறங்கினார்கள். 1948-இல் யோஷினோ, ஜீஆன் எனப் பெயர் மாறியது.

தைவானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகளை 'வான்செய்' என்பார்கள். பார்த்தறியாத தாய்நாட்டுக்குத் 'திரும்பிய' அவர்களில் சிலர் முதுமையில் பிறந்த வீட்டைத் தேடி ஹுவாலியென் வந்ததுண்டு.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்? கோயில் என்கிறீர்கள், ஷிண்டோ ஆலயம் என்கிறீர்கள், குழப்பமாக இருக்கிறதே?

குழப்பம் நியாயமானதே. ஜீஆனில் நீங்கள் காணும் சிங்ஷியு யுவான், மேலே சொன்ன 88 சிலைகள் உள்ள பௌத்த வழிபாட்டிடம். 1997-இல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. சிலைகளில் சில காணாமற்போய்ப் புதிதாகச் செய்யப்பட்டவை. யோஷினோவின் ஷிண்டோ ஆலயம் வேறு. அது இன்று இல்லை.

ஃபெங்தியானில் நேர்மாறு. தோயோத்தா ஷிண்டோ ஆலயம் இருந்த இடத்தில் பிலியன் கோயில் என்ற பௌத்தக் கோயில் எழுந்தது. சாலையில் நிற்கும் தோரி என்ற ஷிண்டோ நுழைவாயிலும், கல்விளக்குகளும், காவல் சிங்கங்களும் பழையவை. உள்ளே புத்தரோடு, ஜப்பானியர் விட்டுச்சென்ற ஃபுதோ மியோவோவும் வழிபடப்படுகிறார். இவர் வடமொழியில் அசலநாதர். போனவர்களின் தெய்வத்தை வந்தவர்கள் தூக்கி எறியவில்லை.

அடிமைப்படுத்தியவன் கட்டியதை ஏன் பாதுகாக்கிறார்கள்? கொரியாவில் இடித்தார்களே?

தைவானிலும் இடித்தார்கள். ஜப்பானுடன் உறவு முறிந்தபின், 1974-இல் காலனி ஆட்சியின் சின்னங்களை அகற்றுமாறு அரசே உத்தரவிட்டது. பல ஷிண்டோ ஆலயங்கள் அக்காலத்தில்தான் மறைந்தன. 1987-இல் ராணுவச் சட்டம் நீங்கிய பிறகு உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் எழுந்து, மிஞ்சியவை காக்கப்பட்டன. ஜப்பானியருக்குப் பின்னால் வந்த குவோமிந்தாங் கட்சி ஆட்சியின் கொடுமைகளோடு ஒப்பிட்டதால் ஜப்பானியக் காலம் பலருக்கு மென்மையாகத் தெரிந்தது என்பதும் உண்மை. சுற்றுலா வருமானமும் இருக்கிறது. கிமோனோ வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் 1908 பற்றிய வரிகள் குறைவாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அப்படியானால் சிகாசுவான் மக்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்ததா?

இல்லை. 2016 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்சாய் இங்-வென் பழங்குடி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 2017-இல் வந்த மரபு நில வரையறை விதிகள் அரசு நிலத்தை மட்டும் கணக்கில் கொண்டு, தனியார் நிலத்தை விலக்கின; அதை எதிர்த்து அதிபர் மாளிகைக்கு அருகில் நீண்ட போராட்டம் நடந்தது. குடியேற்றக் கிராமங்களில் இந்த விலக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்: பழங்குடியினரிடமிருந்து அரசு பறித்து, ஜப்பானிய உழவருக்கு விற்று, மறுபடி அரசு எடுத்து, பின் தைவானிய உழவர் கைக்கு வந்த வயல் இன்று தனியார் நிலம். இப்போது அதை உழும் ஹக்காக் குடும்பத்துக்கும் அந்த மண் பல ஆண்டு உழைப்பின் பயன்தான்.

கிராமத்துக்கு யோஷினோ என்றும் பின் ஜீஆன் என்றும் பெயர் மாற்றியவர்கள் ஆற்றையும் மலையையும் விட்டுவிட்டார்கள். ஜீஆன் வழியாக ஓடும் ஓடைக்கும், அதன் மேற்கே நிற்கும் மலைக்கும் சீன எழுத்தில் இன்றும் உள்ள பெயர், சற்றுத் திரிந்த சிகாசுவான்தான்.